திரும்பிப் பார்க்காத ஜமீன்

ஜனவரி 6, திங்கள்

இன்று நாய்ப் பள்ளியில் சேர்ந்தேன். கோயம்புத்தூருக்கு வெளியே, அன்னூர் சாலையில், ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. நாய்களைப் பழக்குவதைத் தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஆறு வாரப் படிப்பு. வகுப்பில் ஐந்து பேர். எனக்கு வயது ஐம்பத்தொன்று. எனக்கு அடுத்த மூத்தவள் தன்யா, கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவளுக்கு இருபத்தெட்டு. நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாத்தியார் என்று நினைத்துவிட்டார்கள்.

வாத்தியார் ஷீபா மேடம். முப்பதைத் தாண்டியிருக்காது. இரண்டு முன்னங்கைகளிலும் பழைய பல் தழும்புகள். கெட்டிக்காரிதான், ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறார். பாதி வகுப்பு என்னிடம் வந்து சேரவில்லை. மதியத்துக்கு மேல் முதல் வரிசைக்கு மாறிக்கொண்டேன்.

தினமும் குறிப்பு எழுதச் சொன்னார். "நான் வாங்கிப் படிக்க மாட்டேன், உங்களுக்காகத்தான். ஆனா நாய் கோபமா இருந்துச்சுன்னு எழுதாதீங்க. காது எங்க இருந்துச்சு, வால் எங்க இருந்துச்சு, வாய் திறந்திருந்துச்சா மூடியிருந்துச்சா, அதை எழுதுங்க. கோபமா பயமான்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

மில்லில் தறிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தேன். போன ஆடியில் மில்லை மூடிவிட்டார்கள். அங்கிருந்த காவல் நாய்கள் மூன்றும் நான் சொன்னால்தான் கேட்கும். அதில் வந்த யோசனை இது. வசந்தாமணியிடம் சொன்னபோது, "வீட்டுல ஒருத்தி பேசறதையே கேக்க மாட்டீங்க, நாய்க்கு என்னத்தைச் சொல்லித் தரப் போறீங்க" என்றாள். மனைவிகள் எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

ஜனவரி 8, புதன்

கிளிக்கர் என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் சாமான். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். நாய் சரியானதைச் செய்த அதே நொடியில் அழுத்த வேண்டும். அழுத்தியதும் ஒரு துண்டு கோழிக்கறி. நாய்க்கு அந்த 'டிக்' என்றால் 'இதுதான், இதுக்குத்தான்' என்று அர்த்தம். கொஞ்சம் தாமதித்தால் போச்சு. உட்கார்ந்ததற்குக் கொடுக்க வேண்டியதை எழுந்ததற்குக் கொடுத்துவிடுவோம். அப்புறம் நாய் எழுந்து எழுந்து நிற்கும், நாம் அதைத் திட்டுவோம்.

எனக்கு வந்த கிளிக்கர் பழுது. சத்தமே இல்லை. மாற்றிக் கேட்டேன். மேடம் அதை வாங்கி அழுத்திப் பார்த்தார், என்னையும் பார்த்தார், வேறொன்று கொடுத்தார். அதுவும் அப்படியேதான். மட்டமான சரக்கு.

ஜனவரி 10, வெள்ளி

ஆளுக்கொரு நாய் பிரித்துக் கொடுத்தார்கள். படிப்பு முடியும்வரை அதுதான் நம் பொறுப்பு. கடைசி நாள் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து நம்மையும் நாயையும் சேர்த்துச் சோதிப்பார்.

எனக்கு வந்தது ஒரு ராஜபாளையம். ஆண், ஒன்றரை வயது, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. பெயர் ஜமீன். பீளமேட்டில் பம்பு கம்பெனி வைத்திருக்கும் நந்தகோபால் என்பவர் வீட்டு நாய். தூங்கிக்கொண்டிருந்ததைத் தட்டி எழுப்பியபோது அவர் கையைக் கடித்துவிட்டது, நான்கு தையல். சொன்ன பேச்சு எதையும் கேட்பதில்லையாம். வீட்டில் இருந்த வயதான நாய் இரண்டு மாதம் முன்பு செத்துப்போனதிலிருந்து திமிர் அதிகமாகிவிட்டதாம். பிப்ரவரிக்குள் திருந்தாவிட்டால் கிணத்துக்கடவுத் தோட்டத்தில் ஆயுளுக்கும் சங்கிலிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். நந்தகோபால் நன்றாகப் பேசுகிறார். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுகிறது. தெருமுனை வரை கேட்டிருக்கும் என்று தன்யா சொன்னாள்.

ஜமீன்: காது தளர்ந்து, வால் கீழே, வாய் மூடி. கூப்பிட்டேன். திரும்பவில்லை.

ஜனவரி 13, திங்கள்

வாய்மொழித் தேர்வு. மேடம் பின்னால் நடந்துகொண்டே கேள்வி கேட்டார். என் முறை வந்தபோது, நாய்க்குப் பால் கொடுக்கவே கூடாது, பெரும்பாலும் வயிற்றுக்குச் சேராது என்று விளக்கமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வெளியே வந்ததும் தன்யா சொன்னாள்: "அங்கிள், நாய்க்குப் பல் எத்தனைன்னு கேட்டாங்க." நாற்பத்திரண்டு. எனக்குத் தெரியாதா என்ன?

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். விடுமுறை. வசந்தாமணி டி.வி. சத்தத்தைக் குறைப்பதும் நான் கூட்டுவதுமாக நாள் போயிற்று.

ஜனவரி 17, வெள்ளி

ஜமீனை வைத்துக்கொண்டு ஒரு வாரம். மற்ற நான்கு நாய்களும் பெயரைச் சொன்னால் திரும்புகின்றன, உட்காருகின்றன. இது எதிரே நின்றால் என் முகத்தையே பார்க்கிறது. திரும்பிக்கொண்டால் நான் ஒருவன் இருப்பதையே மறந்துவிடுகிறது. "ஜமீன் பரம்பரைல்ல அங்கிள், நம்மளை எல்லாம் மதிக்காது" என்றாள் தன்யா.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். சோற்றுத் தட்டை நான் கையில் எடுக்கிற விதத்தைப் பார்த்தே, இப்போதா பிறகா என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற நாய்களுக்கு அது தெரிவதில்லை.

ஜனவரி 20, திங்கள்

இன்று என்னையும் கடிக்கப் பார்த்தது. நிழலில் படுத்திருந்தது. பின்னாலிருந்து போய்ப் பெயரைச் சொல்லி முதுகைத் தொட்டேன். துள்ளி எழுந்து காற்றில் ஒரு கடி. சட்டைக் கை கிழிந்தது, தோலில் படவில்லை. உடனே பின்வாங்கியது. காது தலையோடு ஒட்டிக்கொண்டது, வால் காலுக்கிடையே போயிற்று, உதட்டை நக்கியது.

இது திமிர் பிடித்த நாயின் உடம்பு இல்லை. மில்லில் தூங்கும்போது யாராவது தொட்டால் நானும் இப்படித்தான் எகிறுவேன்.

ஷீபா மேடத்திடம் சொன்னேன். "திடீர்னு கடிக்கிற நாயை முதல்ல டாக்டர்கிட்டக் காட்டணும், அப்புறம்தான் பழக்கணும். எங்கயாவது வலி இருக்கும்" என்றார். நாளை கால்நடை மருத்துவர் வருகிறார்.

ஜனவரி 21, செவ்வாய்

டாக்டர் முதுகு, இடுப்பு, பல் எல்லாம் பார்த்தார். வலி எதுவும் இல்லை என்றார். காதுக்குள் விளக்கடித்தும் பார்த்தார். சுத்தமாக இருக்கிறதாம்.

ஜனவரி 22, புதன்

காலை பத்து மணி. ஜமீனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அது என் கண்ணைப் பார்க்கும் போதெல்லாம் கோழித்துண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது கொட்டகை முழுக்க நாய்கள் குதிப்பது தெரிந்தது. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தன்யா கையிலிருந்த எவர்சில்வர் தட்டு அடுக்கு என் முதுகுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்தது. பத்துத் தட்டு.

ஜமீன் என் கையில் இருந்த கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மேடம் ஓடிவந்தார். ஜமீனுக்குப் பின்னால் நின்று கை தட்டினார். விசில் ஊதினார். கரண்டியால் வாளியை அடித்தார். ஒரு அசைவும் இல்லை. "ஐயோ, இது செவிடு. நான் பாத்திருக்கணும்" என்றார். வெள்ளை ராஜபாளையங்களில் பிறவியிலேயே இது வருவது உண்டாம். இத்தனை நாள் வீட்டிலிருந்த அந்த வயதான நாய் எழுந்தால் இதுவும் எழுந்திருக்கிறது, அது ஓடினால் இதுவும் ஓடியிருக்கிறது. அது செத்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. திமிர் என்று பெயர் வந்துவிட்டது.

பிறகு மேடம் என் முன்னால் வந்து நின்று என்னிடமும் ஒன்று கேட்டார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 23, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. மொபெட்டில் காற்று இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

இன்றும் போகவில்லை. காற்று அடித்தாகிவிட்டது.

ஜனவரி 25, சனி

மேடம் கேட்டது இது: "அண்ணா, தட்டு விழுந்தப்ப கொட்டகையில ரெண்டு பேருதான் திரும்பலை. காதைக் கடைசியா எப்ப டாக்டர்கிட்டக் காட்டுனீங்க?"

வசந்தாமணியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு ஆறு வருசமாத் தெரியும்" என்றாள்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னனுங்க. உங்களுக்குக் கேக்கலை."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பஸ்ஸில், கொஞ்சமாவது கேட்கும் என் வலக் காதுப் பக்கம் பார்த்து அவள் உட்காருவது எதற்கு என்று. மகள் போன் செய்தால் தானே எடுத்துப் பேசிவிட்டு, என் எதிரே வந்து நின்று திருப்பிச் சொல்வது எதற்கு என்று. மகளுக்கு என்னோடு பேச விருப்பமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதியதில்லை.

மாலையில் மேடத்திடமிருந்து போனில் ஒரு செய்தி. "அண்ணா, ஜமீனை யார் பாத்துக்கறாங்கன்னு சொல்லுங்க. நீங்க வரலைன்னா திங்கக்கிழமை தன்யாகிட்டக் குடுத்துருவேன்."

தன்யா நல்ல பெண்தான். தட்டு மட்டும்தான் அவள் கையில் நிற்காது. வருகிறேன் என்று பதில் போட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

முன்னூறு தறி ஓடும் கூடத்தில் யாரும் பேச முடியாது. இருபத்தாறு வருஷம் நாங்கள் கையால்தான் பேசினோம். நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், டீ வந்தாச்சு, உன் தறியை நிறுத்து, எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்து வந்தது.

இன்று ஜமீனிடம் அதையே பேசினேன். உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்கார். கீழே அழுத்தினால் படு. நெஞ்சில் கையை வைத்தால் வா. கிளிக்கருக்குப் பதில் கட்டைவிரல். முதலில் ஒன்றும் கேட்காமல் கட்டைவிரலைக் காட்டு, கோழியைக் கொடு. காட்டு, கொடு. இருபது முறையில் கட்டைவிரலைப் பார்த்ததுமே வாலை ஆட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் உட்கார வந்தது. மேடம் அரை மணிக்கு ஒருமுறை வந்து, "போதும் அண்ணா, கொஞ்சம் கொஞ்சமா. அதுக்குச் சலிச்சுப்போறதுக்கு முன்னாடி நிறுத்தணும்" என்றார். எதிரே நின்று, வாய் தெரியச் சொன்னார்.

ஜனவரி 31, வெள்ளி

தொடுவதற்குப் பழக்கம். விழித்திருக்கும்போது, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோளைத் தொடு, கோழி கொடு. அப்புறம் பக்கவாட்டிலிருந்து தொடு, கொடு. ஒரு நாளைக்கு ஐம்பது முறை. தொட்டால் நல்லது வரும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். தூங்கும் நாயைத் தொடவே கூடாது. மூக்குக்கு முன்னால் கையை வைத்துக் காத்திருக்க வேண்டும். வாசனையில் தானாக எழும்.

இன்று பின்னாலிருந்து தொட்டேன். காது மெதுவாகத் திரும்பி, வாய் திறந்து, வால் ஆடியது. கோழி எங்கே என்று பார்த்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நந்தகோபாலும் அவர் மனைவி இந்திராணியும் வந்தார்கள். மேடம் விஷயத்தைச் சொன்னார். அவர் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

"காது கேக்காத நாயை வெச்சுட்டு நான் என்னங்க பண்றது? திருடன் வந்தா அவனே வந்து அதை எழுப்போணுமா? தோட்டத்துக்கே அனுப்பிருங்க."

இந்திராணி அம்மா ஜமீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமீன் நந்தகோபாலின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை வீசி வீசிப் பேசுகிறவர். ஒவ்வொரு வீச்சுக்கும் அது ஓர் அடி பின்னால் போனது.

மேடம் அவருக்குப் பொறுமையாக விளக்கப் பார்த்தார். அவர் கேட்பதாக இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, நடுவில் புகுந்தேன்.

"ஏனுங்க, எனக்கும் காது கேக்காதுங்க."

அவர் நிறுத்தினார்.

"அன்னைக்கு நாயைக் கொண்டாந்து விட்டப்ப நம்ம ரெண்டு பேரும் பேசிட்டுத்தானுங்களே இருந்தோம்?"

"நீங்க பேசறப்ப நான் உங்க வாயைப் பாத்துட்டு இருக்கறனுங்க. உங்க நாயும் அதைத்தான் பண்ணுது. ஆனா அது பாக்கற நேரத்துல நீங்க கையை ஓங்கறீங்க. நான் இருந்தாலும் கடிச்சிருப்பனுங்க."

இதை முதல் முறையாக வெளியாளிடம் சொன்னேன். ஐந்து பேர் முன்னால். வானம் இடிந்து விழவில்லை. நந்தகோபால் தன் கைகளையே பார்த்தார், அப்புறம் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"நாயை மட்டும் பழக்கினா அது பாதி வேலைதான் சார்" என்றார் மேடம். "அது எங்ககூடவா இருக்கப்போகுது?"

தேர்வு நாள் வரைக்கும் பார்ப்போம் என்றார் அவர். இந்திராணி அம்மா நாளை முதல் தானே வருவதாகச் சொன்னார்.

பிப்ரவரி 10, திங்கள்

இந்திராணி அம்மாவுக்கு உட்கார், படு, வா, இரு, கூட நட என்று ஐந்து சைகையும் வந்துவிட்டது. கை சுத்தம், அவசரம் இல்லை. ஒரே குறை, தப்பாகச் செய்தாலும் பாவம் என்று கோழி கொடுத்துவிடுகிறார். மனிதர்களைப் பழக்குவதுதான் கஷ்டம். அவர்களைத் திட்டவும் முடியாது, கோழி கொடுக்கவும் முடியாது. சரியாகச் செய்தபோது கட்டைவிரலைக் காட்டிவிட்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆனால் அடுத்த முறையும் சரியாகச் செய்தார்.

பிப்ரவரி 12, புதன்

வசந்தாமணியோடு காது மருத்துவமனைக்குப் போனேன். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பரிசோதனை எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்று சைகை காட்டினாள் பரிசோதனை செய்த பெண். வசந்தாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு காதுக்கும் கருவி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வர பத்து நாள் ஆகும்.

பிப்ரவரி 15, சனி

தேர்வு. சோதிக்க வந்தவர் சென்னைக்காரர், கண்டிப்பானவர். தாளில் 'குரல் கட்டளை' என்று அச்சாகியிருந்தது. மேடம் வாதாடி, சைகைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். நேரக் கணக்கில் மட்டும் சலுகை கிடையாது.

உட்கார், படு, இரு, கூட நட. நான்கும் முழு மதிப்பெண். தொட்டுப் பார்க்கும் சோதனையில் அவரே பின்னாலிருந்து வந்து முதுகைத் தொட்டார். ஜமீன் திரும்பி அவர் பாக்கெட்டை முகர்ந்தது.

கடைசியாக 'வா'. வேலி போட்ட மைதானத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டு இருபத்தைந்து அடி தள்ளிப் போய்க் கூப்பிட வேண்டும். பதினைந்து நொடிக்குள் வர வேண்டும். நான் நடந்துபோய்த் திரும்பினேன். அதே நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு போனது. ஜமீன் அதன் பக்கம் திரும்பி நின்றது. என் கை நெஞ்சில் இருந்தது. அதைப் பார்க்க ஆள் இல்லை.

மற்றவர்களின் நாய்க்கு ஒரு குரல் போதும். நான் ஓடினால் அதுவும் விளையாட்டு என்று ஓடும். நின்றேன். பதினைந்து நொடி போயிற்று. மயில் தோப்புக்குள் மறைந்தது. ஜமீன் திரும்பி என்னைத் தேடிப் பார்த்தது, நெஞ்சிலிருந்த கையைப் பார்த்தது, நான்கு காலும் தரையில் படாமல் வந்து என் மேல் விழுந்தது. கட்டைவிரலைக் காட்டினேன், பை முழுக்கக் கோழியையும் கொடுத்தேன். தாமதமாக வந்தாலும் வந்ததற்குத்தான் கூலி.

"இருபத்திரெண்டு செகண்ட். இதுல தேறலைன்னா சான்றிதழ் கிடையாது. மார்ச்ல மறுபடி வாங்க" என்றார் சென்னைக்காரர்.

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நந்தகோபாலுக்கு வந்ததே கோபம். "ஏனுங்க சார், மயில் குறுக்க வந்தா அதுக்கு அவுரு என்னங்க பண்ணுவாரு" என்று கையை வீசிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். ஜமீனின் காது பின்னால் போயிற்று. உதட்டை நக்கியது. நான் அவரைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அழுத்தினேன். நாய்க்குக் காட்டும் அதே சைகை. யோசித்துச் செய்யவில்லை.

அவர் நின்றார். கையைக் கீழே போட்டார். அப்புறம் வெள்ளை வேட்டியோடு அந்தச் செம்மண்ணில் பக்கவாட்டாகக் குந்தி உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, தையல் போட்ட கையை நீட்டினார். இதை நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டில் இந்திராணி அம்மா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஜமீன் கொஞ்சம் யோசித்தது. போய் அந்தக் கையை முகர்ந்தது. பிறகு அவர் தோளில் தாடையை வைத்தது. அவர் அசையவே இல்லை. முதல் முறையாக அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்குக் கூட்டீட்டுப் போலாங்களான்னு கேக்கறார்" என்றாள் தன்யா என் எதிரே வந்து. அவள் தேறிவிட்டாள். எல்லோரும் தேறிவிட்டார்கள், என்னைத் தவிர.

பிப்ரவரி 18, செவ்வாய்

நந்தகோபால் வீட்டிலிருந்து செய்தி: வாரம் இரண்டு நாள் வர வேண்டும், சான்றிதழ் எல்லாம் அவர் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு டால்மேஷன் இருக்கிறதாம், அதுவும் கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். ஷீபா மேடம், மார்ச் தேர்வுக்கு முன்னால் ஜமீனை நீளக் கயிற்றில் மயிலுக்கு எதிரே பழக்க வேண்டும் என்கிறார். மயிலுக்கு எங்கே போவது?

பிப்ரவரி 22, சனி

காதுக் கருவி வந்தது. மருத்துவமனையிலேயே மாட்டிவிட்டார்கள். வெளியே வந்தால் உலகம் ஒரே இரைச்சல். என் செருப்பு சத்தம் போடுகிறது. மொபெட் இவ்வளவு மோசமான நிலையில் இருப்பது தெரியாது. சட்டைப் பையில் சாவி கூடப் பேசுகிறது. மகளுக்கு நானே போன் செய்தேன். அரை மணி நேரம் பேசினாள். அவள் குரல் மாறியிருக்கிறது, பெரிய மனுஷி மாதிரி.

சாயங்காலம் கருவியைக் கழற்றி வைக்கலாம் என்று நினைத்தபோது சமையலறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. ரேடியோ என்று நினைத்துப் போனேன். வசந்தாமணி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம் இருந்தது.

"எப்ப இருந்து பாடறே?"

துள்ளித் திரும்பினாள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து. சமைக்கறப்ப எப்பவும் பாடுவனே. ஏனுங்க?"

"ஒண்ணுமில்லை. பாடு."

கேட்கிற ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். பிரமாதம் என்று சொல்ல முடியாது. மூன்றாவது அடியில் ஒவ்வொரு முறையும் சுருதி இறங்கிவிடுகிறது. சமையலறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு சப்பாத்தியும் முடியும்வரை கேட்டேன்.